கோயில் வயலில் வெட்டிய சதுரம்

வானத்திலிருந்து பார்த்தால் நெல்வயல் சிவப்பாகத் தெரியும் என்று எங்கள் உத்தியோகத்தர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மேலதிகாரிக்கு முன்னால் அப்படிச் சிரிப்பது மரியாதையில்லை என்று பிறகுதான் உறைத்தது. அந்த மனிதர் கோபிக்கவில்லை. "சிரியுங்கோ மிஸ், நானும் முதல்ல சிரிச்சனான்தான்," என்றார்.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. திருகோணமலையில், ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிகிற ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் விவசாயக் கந்தோர் இருந்தது. நான் அங்கே படவரைஞர். குளக்கட்டு, வாய்க்கால், காணி எல்லை என்று மாவட்டத்தில் உள்ள கோடெல்லாவற்றையும் மையில் கீறிக் கொடுப்பது என் வேலை. கண் நல்லது, கை நடுங்காது, வாய் மட்டும் கொஞ்சம் நீளம் என்று கந்தோரில் எனக்குப் பெயர். நீள வேண்டிய ஒரே ஒரு இடத்தில் அந்த வாய் நீளவில்லை. அதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்தார், என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வெளிநாட்டில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்திருந்தார். செயற்கைக்கோள் எடுத்த படங்கள் கொழும்பு வழியாக அவருக்கு வரும். பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியைத் திருப்பி எறிகிறதாம். கோளில் உள்ள கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். படமாக அச்சடிக்கும்போது அந்த ஒளிக்குச் சிவப்பு நிறம் கொடுப்பார்கள். பயிர் எவ்வளவு செழிப்போ அவ்வளவு சிவப்பு. காய்ந்த தரை சாம்பல், தண்ணீர் கறுப்பு. படத்தில் எங்கள் விரிகுடா ஒரு மைக்கறை போலக் கிடந்தது. அதற்குத் தெற்கே மூதூர்ப் பக்கமெல்லாம் செக்கச் செவேல்.

"விளைய முன்னமே விளைச்சலைச் சொல்லலாம் மிஸ்," என்பார். சொல்லும்போது அவர் முகம் பிறந்தநாள் பிள்ளையின் முகமாகிவிடும். அறுவடை முடிந்து, நெல் வீட்டுக்குப் போய், கணக்கு எங்களுக்கு வந்து சேர மூன்று நாலு மாதமாகும். அதற்குப் பிறகு எந்த ஊரில் பட்டினி என்று தெரிந்தும் பயனில்லை. படம் இருந்தால், கதிர் முற்றுவதற்குள் இந்தப் பகுதி தப்பும், இந்தப் பகுதி தப்பாது என்று கொழும்புக்கு எழுதிவிடலாம். தப்பாத பகுதிக்கு நிவாரண அரிசியும் அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் முன்கூட்டியே ஒதுக்குவார்கள். அவர் நல்லதைத்தான் நினைத்தார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வருவதில்லை. வந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

படத்தை மட்டும் நம்பி எழுத முடியாது. இந்தச் சிவப்பு என்றால் ஏக்கருக்கு எவ்வளவு நெல் என்று யாராவது தரையில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு முறை இருந்தது. மைலுக்கு ஓரங்குலமாகக் கீறிய வரைபடத்தில், ஒருவருடைய விருப்பும் வெறுப்பும் கலக்காமல், எண்களின் அட்டவணையைப் பார்த்துச் சில புள்ளிகள் வைப்போம். புள்ளி விழுந்த வயலுக்குப் போய், நாலு தடி நட்டுக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் நிற்கிற கதிரை அறுத்து, அங்கேயே அடித்துத் தூற்றி நிறுப்போம். அந்த நிறைதான் அந்தச் சிவப்புக்கு உரிய விளைச்சல். அதே சிவப்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதே விளைச்சல் என்று எழுதுவது. "ஒரு பானைச் சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்று உத்தியோகத்தர் விளக்கினார். சரியான விளக்கம். பானை ஒன்றாக இருந்தால்.

அந்த மாரிப் போகத்தில், வரைபடத்தில் புள்ளிகளைக் குறித்தது நான். என் ஊரான கிளிவெட்டிப் பக்கத்துக்கு ஒரே ஒரு புள்ளி. வாய்க்கால் முழங்கை போல மடிகிற இடத்துக்குக் கீழே, மூன்றாவது துண்டில் அது விழுந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அது என் அத்தானுடைய வயல்.

என் அப்பா எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது போய்விட்டார். அக்காவைக் கட்டியிருந்த அத்தான்தான் என்னையும் அம்மாவையும் தூக்கி நிறுத்தினார். பெண்பிள்ளைக்கு ஊர்ப் பள்ளிக்கூடம் போதும் என்று எல்லோரும் சொன்னபோது, என்னை லோஞ்சுப் படகில் ஏற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்தவர் அவர். மூன்று ஏக்கர் வயலும் இரண்டு எருமையும்தான் அவருடைய சொத்து. நான் கந்தோரில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன் என்றால் அதன் நாலு காலும் அந்த வயலில்தான் ஊன்றியிருந்தன. புள்ளி அங்கே விழுந்ததை நான் உத்தியோகத்தருக்குச் சொன்னேன். அது யாருடைய வயல் என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் புள்ளியைத் தள்ளிவிடுவார். அத்தான் வயல் அரசாங்கக் கணக்கில் ஏறுவது எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருக்கையில் ஜீப்பில் புறப்பட்டோம். உத்தியோகத்தர், நான், சாரதி. சாரதி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும். அவருக்கும் கொஞ்சம் வயல் இருந்தது. வழியெல்லாம் துறைகள். ஒவ்வொரு துறையிலும் ஜீப்பைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி, அது மறுகரைக்கு நகரும் வரைக்கும் வெயிலில் நிற்க வேண்டும். உத்தியோகத்தர் படச்சுருளை மடியில் வைத்துக் குடை பிடித்தார். தன் தலைக்குப் பிடிக்கவில்லை.

கிளிவெட்டியில் அத்தான் வரம்பிலேயே நின்றார். நாங்கள் வருவதைக் கிராமசேவகர் முன்பே சொல்லியிருந்தார். என்னைக் கண்டதும் அத்தான் முகம் மலர்ந்தது. சாரதி ஜீப்பிலிருந்து தடியையும் கயிற்றையும் அரிவாளையும் இறக்கியபோது அந்த மலர்ச்சி போய்விட்டது.

"சேர், கோவியாதேங்கோ," என்றார். "நாங்க இன்னும் புதிர் எடுக்கேல்லை. அதுக்கு முன்னம் வயலுக்குள்ள கத்தி வைக்க ஏலாது."

உத்தியோகத்தர் பொறுமையாகச் சொன்னார். "ஐயா, சின்னச் சதுரம்தான். வெட்டின நெல்லையும் உங்களிட்டயே தந்திட்டுப் போவம்."

"நெல்லுக்காகச் சொல்லேல்லை, சேர்."

எங்கள் பக்கத்தில் புதிர் என்பது விளையாட்டில்லை. தைப்பூசத்தன்று நல்ல நேரம் பார்த்து, வீட்டுக்காரர் குளித்துக் கிழக்கே பார்த்து நின்று, ஒரு பிடி கதிரை அறுத்து வெள்ளைத் துணியில் சுற்றித் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். அந்தக் கதிரில் நாலு மணியாவது உமி நீக்கி வீட்டில் இருக்கிற அரிசியோடு சேர்த்துப் பொங்குவார்கள். அந்த முதல் பிடியை வேறொருவர் கை அறுத்தால் அந்த வீட்டில் நெல் தங்காது என்பது நம்பிக்கை. நான் நாலு எழுத்துப் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்று பட்டணத்தில் சொல்லிக்கொள்வேன். வரம்பில் நின்றபோது, அந்த அரிவாளைக் கதிரில் படாமல் தள்ளி வைத்தது நான்தான்.

அத்தான் என்னைப் பார்த்தார். "நீயாவது சொல்லன் பிள்ளை."

உத்தியோகத்தரும் என்னைப் பார்த்தார். அவருக்கு இது என் ஊர் என்று தெரியும். அவர் இரண்டொரு நாளில் அறிக்கை எழுத வேண்டும். பூசம் வரைக்கும் காத்திருக்க முடியாது. அத்தானோ விடமாட்டார். இரண்டு பேர் முகமும் கோணாமல் ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்டும் பிடித்தேன்.

"சேர், கோயில் வயல் பக்கத்திலதான் இருக்கு," என்றேன். "பூசத்துக்குக் கோயிலுக்குப் படைக்கவேணும் எண்டு அதில முதலே புதிர் எடுத்திட்டினம். அங்க வெட்டினா ஒருத்தரும் ஒண்டும் சொல்லாயினம். படத்திலயும் ரெண்டும் ஒரே சிவப்புத்தானே."

உத்தியோகத்தர் படத்தை விரித்துப் பார்த்தார். உண்மைதான். கோயில் வயலும் அத்தான் வயலும் அந்தப் படத்தில் ஒரே நிறம். வாய்க்கால் மடிவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. "புள்ளியை மாத்துறது முறையில்லை," என்று முனகினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நடவுங்கோ."

அத்தான் வயல் வரம்பால் நடந்து போனபோது ஒரு நாற்றம் மூக்கில் அடித்தது. பூச்சியை விரலால் நசுக்கினால் வருகிற நாற்றம். கதிரில் பால் பிடிக்கும் சமயத்தில் ஒரு பூச்சி வந்து அந்தப் பாலை உறிஞ்சிவிடும். இலை பச்சையாகவே நிற்கும், கதிரும் நிமிர்ந்து அழகாக நிற்கும், உள்ளே ஒன்றும் இராது. கிளிவெட்டியில் பிறந்த பிள்ளைக்கு அந்த நாற்றத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

"அத்தான், பூச்சியோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கொஞ்சம் கிடக்கு. அது பறவாயில்லை," என்றார். நிற்கிற பயிரைப் பற்றிக் குறையாகப் பேசுவதும் எங்கள் ஊரில் வழக்கமில்லை.

கோயில் வயலில் அந்த நாற்றம் இல்லை. ஏன் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வாய்க்கால் தலைப்பில் உள்ள காணி அது. ஊர் முழுவதும் தன் வயலில் கால் வைக்க முன் கோயில் வயலை உழுது விதைத்துவிடும். அதனால் அது மற்ற வயல்களைவிட இரண்டு மூன்று வாரம் முந்தும். பூச்சி வரும்போது அதில் மணி முற்றியிருக்கும். களை பிடுங்கவும் வரம்பு கட்டவும் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். சாமி வயல், பழுது சொல்ல ஏலாது. அதை ஊருக்குப் பதமாகப் பார்ப்பது, கலியாண வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து அந்த வீட்டார் தினமும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று எழுதுவது போல.

கயிறு கட்டிக்கொண்டிருந்த சாரதிதான் வாய் திறந்தார். "சேர், கோவில் காணியில பார்த்துப்போட்டு ஊர்க் காணிக்கு எழுதலாமா? எங்கட பக்கத்திலயும் பள்ளிவாசல் காணி இருக்கு. ஊரெல்லாம் காஞ்சு கிடந்தாலும் அது நல்லாத்தான் நிக்கும்."

உத்தியோகத்தர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவருக்கு ஊர் வழக்கம் தெரியாது. என் சொல்லைத்தான் எதிர்பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஓம் சேர், அவர் சொல்றது சரி' என்றால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் திரும்ப அத்தான் வயலுக்குப் போக வேண்டும். திரும்ப அந்த அரிவாள். வரம்பில் இருந்து அத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இங்க எல்லாம் ஒரே தண்ணிதான், சேர்," என்றேன்.

சாரதி குனிந்து தடியை அழுத்தி நட்டார். வெட்டினோம், அடித்தோம், தூற்றினோம், நிறுத்தோம். தராசு முள் போய் நின்ற இடத்தைப் பார்த்து உத்தியோகத்தர் சந்தோஷப்பட்டார். அன்று மத்தியானம் அக்கா குசினிக்கும் முற்றத்துக்கும் ஓடி ஓடி ஆற்று மீன் பொரித்து, எருமைத் தயிர் ஊற்றிச் சோறு போட்டாள். "பிள்ளை எங்கட மானத்தைக் காப்பாத்திப்போட்டாள்," என்று அத்தான் அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்குத் தலைகால் தெரியாத மகிழ்ச்சி.

அடுத்த நாள் கந்தோரில் பழைய புள்ளியைப் பிளேட்டால் சுரண்டினேன். தாள் கிழியாமல் மை சுரண்டுவது ஒரு கலை. எனக்கு அது நன்றாக வரும். சுரண்டிய இடத்தை நகத்தால் தேய்த்து வழுவழுப்பாக்கிவிட்டு, வாய்க்கால் மடிவுக்கு மேலே, கோயில் வயலில் புதுப் புள்ளி வைத்தேன். இடையில் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. அறிக்கை கொழும்புக்குப் போனது. மூதூர், கிளிவெட்டிப் பகுதி: விளைச்சல் நன்று.

மாசி கடைசியில் அக்காவின் கடிதம் வந்தது. அக்கா எழுதுவதே அருமை. 'சூடடித்தோம், தூற்றத் தூற்றக் காற்றோடு போகிறது' என்று ஒரு வரி. 'உன் அத்தான் சுளகைக் கீழே வைத்துவிட்டு வைக்கோலில் போய் இருந்துவிட்டார்' என்று இன்னொரு வரி. ஊர் முழுக்க அப்படித்தான். கோயில் வயல் மட்டும் தப்பியது. அந்த நெல்லை ஊரவருக்குப் பங்கிட்டார்கள், ஒரு வாரம் ஓடியது.

ஊரவர் சேர்ந்து கிராமசேவகர் மூலம் நிவாரணம் கேட்டு எழுதினார்கள். மனு மேலே போய், கீழே வந்து, எங்கள் கந்தோருக்கும் வந்தது. கொழும்பிலிருந்து ஒரே ஒரு கேள்விதான்: முன்னறிக்கையில் விளைச்சல் நன்று என்று இருக்க, பாதிப்பு என்பது எப்படி? நிவாரணத்துக்கு ஊரவர் பொய் சொல்கிறார்கள் என்று யாரோ ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள். அந்த எழுத்து எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அழகான எழுத்து.

அந்தக் கிழமையில்தான் அத்தான் கந்தோருக்கு வந்தார். முதல் லோஞ்சில் மூதூரிலிருந்து வந்திருக்கிறார். சலவை வேட்டி, கையில் பனையோலை உமல். உமலுக்குள் ஒரு கட்டுக் கதிர். உத்தியோகத்தரின் மேசையில் அதை வைத்தார். "பார்த்துச் சொல்லுங்கோ, சேர். நீங்க படிச்ச ஆள்."

உத்தியோகத்தர் ஒரு கதிரை எடுத்து விரலால் உருவினார். எல்லாம் சப்பி, வெறும் உமி. ஊதினால் பறந்தது. அவர் முகம் வெளிறிவிட்டது. அத்தானைப் படமேசைக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக்குக் கீழே விளக்கு எரிகிற மேசை அது. படத்தை விரித்து, "இதுதான் ஐயா உங்கட பக்கம்," என்று காட்டினார். அத்தான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். கோயிலுக்குள் போனால் நிற்பது போல நின்றார்.

"இந்தச் சிவப்பு என்ன சேர்?"

"அதுதான் உங்கட பயிர். நல்லா நிண்டிருக்கு."

"ஓம். நிண்டது," என்றார் அத்தான். "நிண்டதை நானும் கண்டனான்."

வானத்திலிருந்து எடுத்த படத்தோடு வாதாட எந்தக் கமக்காரனுக்கு ஏலும்? நான் மூன்று அடி தள்ளி, பேனையைப் பிடித்தபடி நின்றேன்.

அத்தான் போன பிறகு உத்தியோகத்தர் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், அந்தக் கோயில் வயல்... அது மற்ற வயலை மாதிரித்தானே?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டார். இதைவிட நேராக ஒரு மனிதர் கேட்க முடியாது. நான் உண்மையைச் சொன்னால் அவர் எழுதத்தான் செய்வார், அவர் அப்படிப்பட்ட ஆள். எழுதினால், புள்ளியை ஏன் மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள், அந்த வயல்காரர் உனக்கு என்ன முறை என்று வரிசையாக வரும். என் நியமனம் அப்போது நிரந்தரமாகவில்லை. அடுத்த மாதம் ஆகவிருந்தது. அம்மாவும் என்னோடு இருந்தாள். இவையெல்லாம் காரணங்கள். காரணம் சொல்ல வந்தால் எனக்கு ஒரு கொப்பி நிறையச் சொல்ல முடியும். உள்ளது இவ்வளவுதான்: நான் பயந்துவிட்டேன்.

"ஓம் சேர், அதே மாதிரித்தான்," என்றேன்.

கொழும்புக்குப் பதில் போனது. கிளிவெட்டி நிவாரணப் பட்டியலில் ஏறவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள், எனக்கு மனம் கேட்காமல், உள்ளதை உள்ளபடி ஒரு கடிதமாக எழுதி உத்தியோகத்தரிடம் கொண்டுபோனேன். அவர் மாற்றலாகி அன்றுதான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். வாசித்தார். கதிரையில் இருந்து எழும்பவில்லை. "பட்டியல் மூடியாச்சு மிஸ்," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தும்பை விட்டு வாலைப் பிடித்தவளை யார் திட்டுவார்கள்?

அத்தான் வீட்டில் விதைநெல்லைக் குற்றித் தின்றார்கள். எருமைகள் போயின. என்னோடு தங்கிப் பட்டணத்தில் படிக்க வரவிருந்த அவர்களுடைய மகள் படிப்பை விட்டாள். நான் அனுப்புகிறேன் என்று எழுதினேன். 'உன் சம்பளத்தில் எத்தனை வயிறு நிரம்பும்?' என்று அக்கா எழுதினாள், குற்றமாக அல்ல. விதைக்க ஒன்றுமில்லாமல், ஐம்பது வயதில், அத்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தார். கந்தோர் ஜன்னலால் பார்த்தால் அவர் வேலை செய்கிற இறங்குதுறை தெரியும். நான் என் மேசையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று சொன்னேன்.

அடுத்த மாரிக்குப் புதுப் படம் வந்தது. புது உத்தியோகத்தரும் வந்திருந்தார், அவசரக்காரர். நான் கண்ணாடியை வைத்து வாய்க்கால் மடிவைத் தேடினேன். அத்தான் வயல் நல்ல சிவப்பு. முந்திய வருடத்தைவிடச் சிவப்பு. ஒரு மணி நெல்லும் விதைக்காத நிலத்தில் மழைக்குப் புல் முளைத்து ஆள் உயரம் நின்றிருந்தது.

"சேர், இது வயலில்லை, புல்லு," என்றேன். "விதைக்கேல்லை. எனக்குத் தெரியும்."

"எப்பிடித் தெரியும்? போய்ப் பார்த்தனீங்களோ?"

"அந்தக் காணிக்காரர் இங்க துறைமுகத்தில மூட்டை தூக்குறார், சேர்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மிஸ், ஒராள் மூட்டை தூக்கினா ஊர் முழுக்க விதைக்கேல்லை எண்டு எழுதலாமோ?" என்றார். நியாயமான கேள்வி. ஒரு சதுரத்தை வெட்டி ஊர் முழுக்க விளைந்தது என்று எழுதியவள் அதற்கு என்ன பதில் சொல்வது? இந்த முறை என்றாலும் நான் விடவில்லை. எழுத்தில் கொடுத்தேன். அது ஒரு கோப்புக்குள் போனது, அங்கேயே இருந்தது.

அத்தான் இரண்டு வருடம் மூட்டை தூக்கினார். பிறகு நெஞ்சில் ஏதோ பிடித்து, பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்து போய்ச் சேர்ந்தார். நான் ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். சொல்ல வேண்டும் என்றுதான் போவேன். அவர் என் கந்தோர்க் கதை கேட்பார், படம் இப்போதும் வருகிறதா என்று கேட்பார், நான் வருகிறது என்பேன். பார்க்கும் நேரம் முடிந்துவிடும்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து ஆட்கள் போன பிறகு, என் வீட்டுக் குசினியில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அக்கா நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்தாள். நான் அவளுக்கு முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளி எங்கள் வயலில் விழுந்ததை, நான் அதைக் கோயில் வயலுக்கு மாற்றியதை, அங்கே வெட்டியதால்தான் ஊருக்கு நிவாரணம் கிடைக்காமல் போனதை, உத்தியோகத்தர் கேட்டபோது நான் பொய் சொன்னதை. ஒன்றையும் விடவில்லை. உன் புருஷனை மூட்டை தூக்க வைத்தது நான் என்றும் சொன்னேன்.

அக்கா உரித்த வெங்காயத்தைச் சட்டியில் போட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"புள்ளி கிள்ளி எனக்கு விளங்காது," என்றாள். "ஆனா நீ அண்டைக்குக் கோயில் வயலைக் காட்டினதை அவர் சாகுமட்டும் சொல்லிக்கொண்டு இருந்தவர். அரசாங்க ஆக்கள் அரிவாளோட வந்து நிக்கேக்க எங்கட வயலில கத்தி வைக்க விடாமல் பிள்ளை மறிச்சவள் எண்டு. படிக்க வச்ச கடனை அவள் அண்டைக்கே தீர்த்திட்டாள் எண்டு ஆஸ்பத்திரியிலயும் சொன்னவர்."

பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏன் அழுறாய்? நல்லதைத்தானே சொன்னனான்," என்றாள்.